நின்று நின்று போகும் கணிப்பொறி



ஓடாத மின்விசிறியைப் பழுது பார்ப்பது எளிது. ஒரு நாள் ஓடி, மறுநாள் நின்று, பழுது பார்ப்பவர் வந்து நிற்கும் வேளையில் மட்டும் நன்றாகச் சுழலும் மின்விசிறிதான் வீட்டாரைப் பாடாய்ப் படுத்தும். கணிப்பொறிக்கும் இந்தக் குணம் உண்டு. எழுதிக்கொண்டே இருப்போம், திரை உறைந்துவிடும். சில வேளை நீலநிறத் திரை தோன்றி மறையும். சில வேளை ஒன்றும் சொல்லாமல் அணைந்து, தானே மீண்டும் எழும். அடுத்த நாள் முழுவதும் ஒரு குறையும் இராது.

இப்படிப்பட்ட பழுதைக் கண்டால், "காரணமே இல்லாமல் நின்றுபோகிறது" என்று சொல்கிறோம். இது சரியா? காரணம் இல்லை என்பது வேறு. காரணம் நமக்குத் தெரியவில்லை என்பது வேறு. இந்த வேறுபாட்டை நான் எங்கள் வீட்டுக் கணிப்பொறியிடம் கற்றுக்கொண்டேன். கற்ற விதத்தை உங்களுக்கும் சொல்லவே இக்கட்டுரை.

எங்கள் வீட்டில் நடந்தது

சென்ற கோடை விடுமுறையில் எங்கள் வீட்டுக் கணிப்பொறி அடிக்கடி நின்றுபோகத் தொடங்கியது. அப்பா கடைக் கணக்கை அதில்தான் எழுதுவார். நான் பாடங்கள் படிப்பேன். தம்பி மாலையில் சிறிது நேரம் பந்தய விளையாட்டு ஆடுவான். அவன் ஆடும்போதுதான் அது பெரும்பாலும் நின்றது. எனவே வீட்டில் எல்லோரும் ஒரு முடிவுக்கு வந்துவிட்டோம். "கண்ட கண்ட விளையாட்டையெல்லாம் ஏற்றி நீதான் கெடுத்துவிட்டாய்" என்று அம்மா கடிந்துகொண்டார்கள். "இனி நீ அதன் பக்கமே போகக்கூடாது" என்றார் அப்பா. "நான் ஒன்றும் செய்யவில்லை, அக்கா" என்று அவன் என்னிடம் வந்து அழுதான். நானும் அவனை நம்பவில்லை.

பழுது பார்க்கும் கடைக்குக் கொண்டு போனோம். அங்கே இரண்டு நாள் இருந்தது. ஒரு முறைகூட நிற்கவில்லை. மருத்துவரைக் கண்டதும் பல்வலி மறைவது போலத்தான்! கடைக்காரர் யோசித்துவிட்டு, "மதர்போர்டு போயிருக்கும்; மாற்ற 7,000 ரூபாய் ஆகும்" என்றார். அப்பா பதில் சொல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டிற்கு வந்த அன்று இரவு, தம்பி உறங்கிய பின், நான் பாடக் காணொளி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கணிப்பொறி நின்றது. அப்போதுதான் எனக்கு ஐயம் வந்தது. அவன்தான் காரணம் என்றால், அவன் தொடாத நேரத்தில் ஏன் நின்றது?

முதற்பணி குறிப்பேடு

பள்ளி ஆய்வுக்கூடத்தில் நாம் என்ன செய்கிறோம்? முதலில் காண்கிறோம், கண்டதைப் பதிவு செய்கிறோம், பிறகுதான் முடிவு எழுதுகிறோம். நாங்களோ வீட்டில் முடிவை முதலில் எழுதிவிட்டோம்! எனவே பழைய 80 பக்க நோட்டு ஒன்றில் கட்டங்கள் வரைந்தேன். நாள், மணி, யார் அமர்ந்திருந்தார், என்னென்ன திறந்திருந்தன, எப்படி நின்றது, வீட்டில் வேறு எந்த மின்கருவி ஓடியது என ஆறு கட்டங்கள். கணிப்பொறி நிற்கும்போதெல்லாம் யாராயினும் அதில் எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

இது புதிய வழக்கம் அன்று. அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் மார்க் 2 என்ற பெரிய கணிப்பொறி இருந்தது. 1947-ஆம் ஆண்டு செப்டம்பர் 9-ஆம் நாள் அது தவறு செய்தபோது, அதனை இயக்கியோர் தேடிப் பார்த்தனர். 70-ஆம் எண்ணுள்ள ரிலேயில் ஓர் அந்துப்பூச்சி சிக்கியிருந்தது. அந்தப் பூச்சியையே குறிப்பேட்டில் ஒட்டி, நேரத்தையும் எழுதிவைத்தனர். பழுதைப் 'பூச்சி' என்று அழைக்கும் வழக்கம் பொறியாளரிடையே அதற்கு முன்பே இருந்தது. அன்று மெய்யான பூச்சியே கிடைத்துவிட்டது. அக்குழுவில் பணியாற்றிய கிரேஸ் ஹாப்பர் என்ற பெண்மணி இக்கதையைப் பலருக்கும் சொல்லிப் புகழ்பெறச் செய்தார். அந்தப் பக்கம் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகிறது.

என் குறிப்பேட்டில் 21 நாட்களில் 17 பதிவுகள் சேர்ந்தன. வீட்டார் வேண்டிக்கொண்டதால் தம்பியையும் பழையபடி ஆட விட்டார்கள். அவன் ஆடும்போது நின்றவை 9. அப்பா கணக்கு எழுதும்போது 5. என்னிடம் 3. தம்பியின் பங்கு மிகுதிதான். ஆனால் மற்ற 8 முறைக்கு அவன் எப்படிப் பொறுப்பாவான்?

பழுதின் வகைகளும் அறிகுறிகளும்

அடிக்கடி நிற்கும் கணிப்பொறிக்குப் பொதுவாக ஐந்து வகைக் காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் தனி அடையாளம் உண்டு.

முதலாவது மின்சாரம். நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். கணிப்பொறியின் உள்ளே இருக்கும் எஸ்.எம்.பி.எஸ். என்ற பெட்டி அதனை 12, 5, 3.3 வோல்ட் நேர்மின்சாரமாக மாற்றித் தருகிறது. 12 வோல்ட் என்பது 11.4-க்குக் கீழோ 12.6-க்கு மேலோ போகக்கூடாது. மின்சாரக் குறைபாடு என்றால் பெரும்பாலும் நீலத் திரை தோன்றாது. விளக்கை அணைத்தாற்போல் சட்டென்று அணையும். மிக்ஸி, தண்ணீர் மோட்டார் ஓடும் வேளையோடு பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும். தளர்ந்த பிளக்கும் இதற்குக் காரணமாகலாம்.

இரண்டாவது வெப்பம். ப்ராசஸரின் மேலுள்ள சிறு விசிறியில் தூசி அடைத்தால் வெப்பம் வெளியேறாது. சுமார் 100 டிகிரி செல்சியஸை நெருங்கும்போது, எரிந்துபோகாமல் தன்னைக் காத்துக்கொள்ள ப்ராசஸர் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் அணைந்துவிடும். கனமான வேலை தொடங்கிச் சில நிமிடங்களில் நிற்பதும், விசிறி இரைவதும் இதன் அடையாளம்.

மூன்றாவது நினைவகம். ரேம் என்று சொல்கிறோமே, அதுதான். இதில் குறை இருந்தால் நிற்கும் விதம் ஒவ்வொரு முறையும் மாறும். நீலத் திரையில் வரும் பிழைப் பெயரும் மாறி மாறி வரும்.

நான்காவது ஹார்ட் டிஸ்க். கோப்புகள் திறக்க நெடுநேரமாகும். சில கோப்புகள் காணாமற்போகும். பழைய வகை வட்டாக இருந்தால் 'டிக், டிக்' என்ற ஓசையும் கேட்கும்.

ஐந்தாவது மென்பொருள். புதிதாக ஒன்றை ஏற்றிய நாளிலிருந்து தொடங்கியிருக்கும். நீலத் திரையில் பெரும்பாலும் ஒரே பெயரே திரும்பத் திரும்ப வரும். வைரஸும் இதில் அடங்கும்.

நீலத் திரை வந்த வேகத்தில் மறைந்துவிடுகிறதே என்பீர்கள். விண்டோஸில் 'ஸ்டார்ட்டப் அண்ட் ரெக்கவரி' என்னும் பகுதியில், தானாக மீண்டும் எழும்படி ஒரு குறி இடப்பட்டிருக்கும். அதை எடுத்துவிட்டால் திரை நின்று நிதானமாகப் பேசும். 'ஈவண்ட் வியூவர்' என்ற பதிவேட்டையும் பாருங்கள். அதில் 41 என்ற எண்ணுடன் ஒரு பதிவு இருக்கலாம். அதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம்! கணிப்பொறி முறைப்படி மூடப்படாமல் மீண்டும் எழுந்தது என்பதே அதன் பொருள். ஏன் என்பதை அது சொல்வதில்லை.

ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்

எந்தச் சோதனைக்கும் முன் முக்கியமான கோப்புகளைப் பென் டிரைவில் நகலெடுத்துவிட வேண்டும். அப்பாவின் கணக்கு அனைத்தையும் அவ்வாறே எடுத்துவைத்தேன்.

அதன்பின் நினைவிற்கொள்ள வேண்டிய விதி ஒன்றே. ஒரு நேரத்தில் ஒரு மாற்றத்தை மட்டுமே செய்ய வேண்டும். ஒரே நாளில் தூசியைத் துடைத்து, வைரஸை நீக்கி, ஒயர்களையும் மாற்றினால், நோய் தீர்ந்தாலும் எது தீர்த்தது என்று தெரியாது. தீராவிட்டால் புதிய குறை ஒன்றை நாமே சேர்த்துவிட்டோமா என்பதும் தெரியாது.

முதலில் வைரஸ் சோதனை செய்தேன். ஒன்றும் இல்லை. அடுத்து, மிக்ஸியும் மோட்டாரும் ஓடிய நேரங்களைக் குறிப்பேட்டில் ஒப்பிட்டேன். 17-இல் இரண்டு முறைதான் பொருந்தியது. எனவே மின்சாரத்தை ஒதுக்கிவைத்தேன்.

மூன்றாவதாகப் பெட்டியைத் திறந்து தூசியைப் பார்த்தேன். பெட்டியைத் திறப்போர் கவனிக்க வேண்டியவை மூன்று. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கையும் பிடுங்கிவிட வேண்டும். உள்ளே தொடும் முன் பெட்டியின் இரும்புப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொள்ள வேண்டும். எஸ்.எம்.பி.எஸ். பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் பிரிக்கக்கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அதனுள் மின்னூட்டம் தங்கியிருக்கும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பதும் நல்லது. என் பக்கத்தில் அப்பா டார்ச் பிடித்துக்கொண்டு நின்றார்.

விசிறி இதழ்களுக்கிடையே பஞ்சு போல் தூசி அடைந்திருந்தது. மெல்லிய தூரிகையால் அகற்றினேன். 91 டிகிரி வரை ஏறிக்கொண்டிருந்த வெப்பம் 64 டிகிரியில் நின்றது. காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம் என்று மகிழ்ந்தோம். நான்கு நாட்கள் நிற்கவில்லை. ஐந்தாம் நாள் மீண்டும் நின்றது!

தோழியரே, இங்கேதான் பலரும் தவறிவிடுகிறோம். நாம் கண்டது ஒரு குறைதான். ஆனால் அது நாம் தேடிய குறை அன்று. குறை ஒன்று கிடைத்தவுடன் தேடலை நிறுத்திவிடக்கூடாது. எங்கள் வீட்டில் தம்பியை முதலில் கண்டுபிடித்து, அத்துடன் நிறுத்திக்கொண்டதும் இதே தவறுதானே!

நினைவகச் சோதனை

குறிப்பேட்டை மீண்டும் புரட்டினேன். இம்முறை யார் என்ற கட்டத்தை விட்டுவிட்டு, என்னென்ன திறந்திருந்தன என்ற கட்டத்தை மட்டும் படித்தேன். தம்பியின் விளையாட்டு மிகுந்த நினைவக இடத்தைப் பிடிப்பது. அப்பா நின்றுபோனதாக எழுதிய நாட்களிலெல்லாம் கணக்கோடு பத்துப் பதினைந்து பக்கங்களும் திறந்திருந்தன. நானும் பாடக் காணொளியோடு பலவற்றைத் திறந்து வைத்திருந்தேன். 17-இல் 15 முறை, நினைவகம் நிரம்பும் வேளையில்தான் நின்றிருக்கிறது! நீலத் திரையின் பிழைப் பெயர்களும் மாறி மாறியே வந்திருந்தன. எனவே ஐயம் ரேமின் மேல் விழுந்தது.

விண்டோஸிலேயே நினைவகத்தைச் சோதிக்கும் வசதி இருக்கிறது. அதைவிட விரிவாகச் சோதிப்பது மெம்டெஸ்ட்86 என்ற நிரல். அதைப் பென் டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே கணிப்பொறியைத் தொடங்க வேண்டும். நினைவகத்தின் ஒவ்வோர் இடத்திலும் ஒரு மதிப்பை எழுதும். பிறகு அதையே படிக்கும். எழுதியது ஒன்றும் படித்தது வேறுமாக இருந்தால் அது பிழை. பல மணி நேரம் ஆகுமாதலால் இரவில் ஓடவிட்டு உறங்கினேன். காலையில் திரையில் சிவப்பு நிற வரிகள்!

எங்கள் கணிப்பொறியில் 4 ஜி.பி. ரேம் அட்டைகள் இரண்டு இருந்தன. அவற்றை 'அ', 'ஆ' என்று அழைப்போம். அவை செருகியிருந்த இடங்களை 1, 2 என்போம். குறை அட்டையிலா? செருகும் இடத்திலா? செருகும் இடம் என்றால் கடைக்காரர் சொன்னபடி மதர்போர்டுதான். இதை அறிய நான்கு இரவுகள் நான்கு சோதனைகள் செய்தேன்.

'அ' அட்டை மட்டும் 1-ஆம் இடத்தில்: பிழை இல்லை.
'ஆ' அட்டை மட்டும் 1-ஆம் இடத்தில்: பிழை உண்டு.
'அ' அட்டை மட்டும் 2-ஆம் இடத்தில்: பிழை இல்லை.
'ஆ' அட்டை மட்டும் 2-ஆம் இடத்தில்: பிழை உண்டு.

எங்கே செருகினாலும் பிழை 'ஆ' அட்டையோடேயே செல்கிறது. இரண்டு இடங்களிலும் 'அ' நன்றாக வேலை செய்கிறது. ஆகவே மதர்போர்டின் மேல் குற்றமில்லை. குற்றம் 'ஆ' அட்டையின் மேல்! அதன் பொன்முலாம் பூசிய பற்களை அழிப்பானால் மெதுவாகத் துடைத்துச் செருகிப் பார்த்தேன். அழுக்கினால் தொடர்பு விட்டிருந்தால் இதிலேயே சரியாகிவிடும். சரியாகவில்லை. புதிய அட்டை வாங்கினோம். கடைக்காரர் கேட்ட தொகையில் நான்கில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

சில வேளை மட்டும் ஏன்?

குறை எப்போதும் இருந்ததென்றால் கணிப்பொறி சில வேளை மட்டும் நின்றது ஏன்? ரேமில் ஒவ்வொரு பிட்டும் மிக நுண்ணிய மின்தேக்கி ஒன்றில் மின்னூட்டமாகச் சேமிக்கப்படுகிறது. அந்த மின்னூட்டம் கசிந்துகொண்டே இருக்கும். ஓட்டைப் பானையில் நீரை நிரப்பிக்கொண்டே இருப்பது போல, வழக்கமாக 64 மில்லி விநாடிக்குள் ஒரு முறை ஒவ்வொரு சிற்றறையும் புதுப்பிக்கப்படுகிறது. 4 ஜி.பி. அட்டை ஒன்றில் இத்தகைய சிற்றறைகள் சுமார் 3,436 கோடி. அவற்றுள் ஒரு சில பலவீனமாகி, புதுப்பிக்கும் முன்பே மின்னூட்டத்தை இழந்துவிட்டால், 1 என்பது 0 ஆகிவிடும்.

அந்தச் சிற்றறையை எந்த நிரலும் பயன்படுத்தாதவரை ஒரு தொல்லையும் இல்லை. ஒரு வீட்டில் பத்து நாற்காலி இருந்து அதில் ஒன்றுக்குக் கால் முறிந்திருந்தால், இரண்டு விருந்தினர் வரும் நாளில் யாரும் விழமாட்டார்கள். பத்துப் பேர் வரும் நாளில் ஒருவர் விழுவார். தம்பியின் விளையாட்டு வீடு நிறைய விருந்தினரைக் கொண்டுவந்தது. முறிந்த நாற்காலியில் அடிக்கடி அமர்ந்தது அவன். முறித்தது அவன் அல்லன். நினைவகம் நிரம்பாமலே நின்ற மற்ற 2 முறையும் இப்படித்தான். வெற்றிடங்களை விண்டோஸும் தன் வேலைக்கு அவ்வப்போது எடுத்துக்கொள்கிறது. தூசியைத் துடைத்தபின் நான்கு நாட்கள் நலமாக இருந்ததற்கும் விளக்கம் உண்டு. வெப்பம் மிகுந்தால் மின்னூட்டக் கசிவும் மிகும். வெப்பம் தணிந்ததும் நோய் சற்றே அடங்கியிருந்தது.

பேரறிஞர்களையும் இத்தகைய பிழைகள் திகைக்கவைத்துள்ளன. 1978-இல் இன்டெல் நிறுவனத்தின் ஆய்வாளர்களான டிமோத்தி மே, முர்ரே வுட்ஸ் இருவரும் நினைவகச் சில்லுகளில் ஒழுங்கின்றித் தோன்றிய பிழைகளுக்குக் காரணம் கண்டறிந்தனர். சில்லுகளை மூடியிருந்த உறையில் யுரேனியம், தோரியம் ஆகியவை மிகச் சிறிதளவு கலந்திருந்தன. அவற்றிலிருந்து வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்களே பிட்டுகளை மாற்றின! தற்செயல் என்று தோன்றியதற்கும் காரணம் இருந்தது.

குணமானதை எப்படி அறிவது?

நாள்தோறும் வந்த பழுது ஒரு நாள் வராவிட்டால் அது சான்றாகாது. முன்பு எவ்வளவு இடைவெளியில் வந்ததோ, அதைப்போல் பல மடங்கு காலம் பொறுக்க வேண்டும். புதிய அட்டை செருகியபின் இரவு முழுதும் மீண்டும் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை. குறிப்பேட்டைத் தொடர்ந்து மேசைமேல் வைத்திருந்தேன். 60 நாட்கள் கடந்தும் புதிய பதிவு இல்லை. பழுதான ரேம், சேமிக்கும் கோப்பையும் ஓசையின்றித் திரித்துவிடக் கூடும். எனவே அக்காலத்தில் எழுதிய கணக்கையெல்லாம் அப்பாவும் நானும் பில் புத்தகத்தோடு ஒப்பிட்டோம். நல்லவேளை, பிழை ஏதுமில்லை.

முடிவுரை

பெண்களுக்கு இயந்திரம் எதற்கு என்பாரும் உளர். அவர்களுக்கு 1946-ஆம் ஆண்டை நினைவூட்டலாம். பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் அவ்வாண்டு உலகிற்கு அறிமுகமான எனியாக் கணிப்பொறியில் சுமார் 18,000 வெற்றிடக் குழல்கள் இருந்தன. அதற்கு நிரலமைத்த கே மெக்நல்டி, பெட்டி ஜென்னிங்ஸ், பெட்டி ஸ்னைடர், மார்லின் வெஸ்காஃப், ஃபிரான்சிஸ் பைலாஸ், ரூத் லிக்டர்மேன் ஆகிய அறுவரும் பெண்களே. அவர்கள் அதன் அமைப்பை நன்கு கற்று, பழுது ஏற்பட்டால் அத்தனை குழல்களுள் எந்தக் குழலில் என்பதுவரை கண்டுபிடித்தனர். நம் வீட்டுப் பெட்டியில் பார்க்க வேண்டியவை ஐந்தாறு பாகங்கள்தாமே!

நான்கு இரவுச் சோதனையின் முடிவை அப்பாவிடம் காட்டிய காலையில், அவர் அதை இரண்டு முறை படித்தார். பிறகு தம்பியை அழைத்துத் தம் அருகில் அமர்த்திக்கொண்டார். "உன்மேல் தப்பில்லையடா" என்றார். அவன் ஒன்றும் பேசவில்லை, என்னைத்தான் பார்த்தான். நானும் அவனிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். அவன் நோட்டை வாங்கி, தன் பெயர் எழுதியிருந்த ஒன்பது வரிகளையும் விரலால் எண்ணிப் பார்த்தான். பிறகு, "அக்கா, அடுத்த முறை ஏதாவது கெட்டுப்போனால் முதலிலேயே எழுதுவோம்" என்றான்.

தோழியரே, உங்கள் வீட்டுக் கணிப்பொறியும் ஒரு நாள் நின்றுபோகலாம். அன்று யாரையும் கடிந்துகொள்ளும் முன் ஒரு நோட்டை எடுங்கள். காண்பதை எழுதுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள், ஒரு குறை கிடைத்தவுடன் நின்றுவிடாதீர்கள். காரணம் எங்கோ ஓரிடத்தில் காத்திருக்கிறது. பொறுமையோடு தேடினால் அது நிச்சயம் கிடைக்கும்.